வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலைக் கோளாறுகள்: இன்சுலினையும் உணவையும் காக்கும் வழிகள்

வழக்கில் ஃபிரிட்ஜ் எனப்படும் குளிர்சாதனப் பெட்டி, நீரிழிவு நோய்க்கு இன்சுலின் செலுத்திக்கொள்வோர் வீட்டில் மருந்து அறையாகவும் பயன்படுகிறது. அரசு மருத்துவமனையிலிருந்து பெற்றுச் செல்லும் இன்சுலின் குப்பி, அடுத்த முறை மருந்து வாங்கும் நாள் வரை, பால் பாக்கெட்டுக்கும் இட்லி மாவுக்கும் இடையே அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் பெட்டியின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதுகின்றனர். வீட்டிலுள்ள பெட்டியை அளந்து பார்ப்பவர் பெரும்பாலும் யாருமில்லை. உள்ளே விளக்கு எரிந்தால், தண்ணீர் குளிர்ந்திருந்தால், பெட்டி நன்றாக இருப்பதாகவே எண்ணிவிடுகிறோம்.

இப்பக்கம் விக்கிரமசிங்கபுரம், சிவந்திபுரம், பாபநாசம், அம்பாசமுத்திரம் முதலிய தாமிரபரணிக் கரை ஊர்களின் பருவநிலையையும் மின்தடையையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. பிற ஊர்களில் வாழ்வோருக்கும் இதிலுள்ள பெரும்பகுதி பொருந்தும்.

எந்த அளவு சரியானது?

பெட்டியின் கீழ்ப்பகுதி 2 முதல் 5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். 4 டிகிரியை இலக்காகக் கொள்வது நல்லது. திறக்கப்படாத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வரை ஏற்கத்தக்கது. ஆனால் சமைத்த உணவு, பால், மீன் ஆகியவற்றுக்கு 8 டிகிரி போதாது. 5 டிகிரிக்கு மேல் செல்லச் செல்லக் கிருமிகள் பெருகும் வேகம் கூடுகிறது. ஃப்ரீசரில் நெடுநாள் வைக்கும் பொருள்களுக்கு மைனஸ் 18 டிகிரி தேவை.

உணவுக்கு வெப்பம் பகை. இன்சுலினுக்கு வெப்பத்தைவிட உறைதல் பெரும்பகை. இன்சுலின் ஒரு புரதம். நீரைப் போலவே பூஜ்ஜியத்தையொட்டி உறையத் தொடங்கும். ஒருமுறை உறைந்து உருகிய இன்சுலின் தன் ஆற்றலை இழக்கக்கூடும், அல்லது குப்பிக்குள் சீராகக் கலவாமல் ஒருநாள் கூடியும் ஒருநாள் குறைந்தும் வேலை செய்யும். அதை மீட்கும் வழி எதுவும் இல்லை. சில மணி நேரம் அறை வெப்பத்தில் இருந்துவிட்ட இன்சுலினைப் பெரும்பாலும் பயன்படுத்தலாம். உறைந்த இன்சுலினை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. வீடுகளில் பலர் இதற்கு நேர்மாறாகவே எண்ணுகின்றனர். மின்சாரம் போனால் பதறுகின்றனர். குப்பியின் மேல் பனி படிந்திருந்தால் நன்றாகக் குளிர்ந்திருப்பதாக மகிழ்கின்றனர்.

கெட்ட இன்சுலின் செய்யும் கேடு

பால் கெட்டால் திரியும், மீன் கெட்டால் நாறும். இன்சுலின் கெட்டால் பல வேளைகளில் எந்த அடையாளமும் தெரியாது. பால்போல் கலங்கலாக இருக்கும் 30/70 வகையில் கட்டிகள் மிதக்கலாம், குப்பியின் உட்சுவரில் வெண்பொடி ஒட்டியிருக்கலாம், உருட்டினாலும் சீராகக் கலக்காமல் போகலாம். தெளிவாக இருக்கும் ரெகுலர் வகை உறைந்து உருகிய பின்னும் தெளிவாகவே காட்சியளிக்கலாம். ஆகவே கண்ணால் பார்த்து முடிவு செய்ய இயலாது. உறைந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே அந்தக் குப்பியை விலக்கிவிட வேண்டும்.

ஆற்றல் குறைந்த இன்சுலினைச் செலுத்தினால் சர்க்கரை அளவு இறங்காது. நோயாளி உணவுக் கட்டுப்பாட்டை மீறியதாகக் குடும்பத்தார் கடிந்துகொள்வர். மருத்துவர் அளவை 4 யூனிட், 6 யூனிட் என ஏற்றுவார். பின்னர் பழைய குப்பி தீர்ந்து, முழு ஆற்றல் கொண்ட புதிய குப்பி வரும்போது, உயர்த்தப்பட்ட அந்த அளவே செலுத்தப்படும். அன்றிரவே சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி, பேச்சில் தடுமாற்றம் ஆகியன அதன் அறிகுறிகள். நினைவுடன் இருப்பவருக்கு உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

எனவே, காரணம் புலப்படாமல் சில நாள்களாகச் சர்க்கரை உயர்ந்தே இருந்தால், மருத்துவரிடம் செல்லும்போது குப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். அதை எங்கே, எப்படி வைத்திருந்தீர்கள் என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். குப்பியின் மேல் ஐயம் என்பதற்காக இன்சுலின் போடுவதை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. புதிய குப்பியை உடனே பெற்றுக்கொள்ள வேண்டும். குப்பி மாறுகிறது என்பதையும் சொல்லி, அளவு குறித்து மருத்துவரின் ஆலோசனையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி, வேகமான மூச்சு, மயக்கம் ஆகியவை இருப்பின் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

வீட்டில் அளப்பது எப்படி?

காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அது ஏறத்தாழ 35 முதல் 42 டிகிரி வரை மட்டுமே காட்டும். மைனஸ் அளவையும் காட்டக்கூடிய, கம்பி முனையுடன் வரும் சிறு டிஜிட்டல் வெப்பமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

கதவைத் திறந்ததும் உள்ளிருக்கும் காற்று மாறிவிடும். ஆகையால் காற்றின் வெப்பநிலையை அளப்பதில் பயன் குறைவு. ஒரு தம்ளர் தண்ணீரை நடுத்தட்டில் வைத்து, கம்பி முனையை அதில் அமிழ்த்தி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் கதவைத் திறந்ததும் தெரியும் எண்ணே உங்கள் பெட்டியின் உண்மையான குளிர். மறுநாள் அதே சோதனையை இன்சுலின் வைக்கும் இடத்தில் செய்யுங்கள். ஒரே பெட்டிக்குள் இடத்துக்கு இடம் சில டிகிரி வேறுபடுவது இயல்பு. ஃப்ரீசரை அளக்க, உறைந்த இரு பொட்டலங்களுக்கு இடையே கம்பி முனையை வைக்க வேண்டும்.

குமிழியைத் திருப்பிய பின் உடனே அளந்து மீண்டும் திருப்புவது பயன்தராது. பெட்டிக்கு ஒரு முழு நாள் அவகாசம் கொடுங்கள். குமிழியில் உள்ள 1 முதல் 7 வரையிலான எண்கள் டிகிரியைக் குறிப்பவை அல்ல என்பதையும் நினைவிற்கொள்க. எண் கூடினால் குளிர் கூடும். 2-இல் வைத்தால் 2 டிகிரி வந்துவிடும் என்று நம்பி ஏமாறுவோர் உண்டு.

வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பி, இன்சுலின் பெட்டிக்கு அருகில் இரவு வைத்துப் பார்க்கலாம். காலையில் மேலே பனித்தகடு மிதந்தால் அந்த இடம் இன்சுலினுக்கு உகந்ததன்று. உறையவில்லை என்பதால் மட்டும் சரியான குளிர் இருப்பதாகக் கொள்ள முடியாது. இச்சோதனை ஒரு பக்கத்து ஆபத்தை மட்டுமே காட்டும்.

சாரல் காலத்தில் உறையும் பெட்டி

பங்குனி, சித்திரையில் வெயில் ஏறும்போது பெட்டியின் குமிழியை 5 அல்லது 6-க்கு உயர்த்துகிறோம். ஆனியில் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து சாரல் காற்று இறங்கத் தொடங்கியதும் வீட்டின் வெப்பம் சில நாள்களிலேயே தணிந்துவிடுகிறது. குமிழி மட்டும் சித்திரையில் வைத்த இடத்திலேயே நிற்கிறது.

ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் இதன் விளைவு தெளிவாகத் தெரியும். இவ்வகையில் குளிரை உண்டாக்கும் தகடு மேலே உள்ள ஃப்ரீசர் அறையைச் சுற்றியே இருக்கும். தெர்மோஸ்டாட் எனும் கட்டுப்பாட்டுக் கருவியும் அந்தத் தகட்டின் குளிரைப் பார்த்தே மோட்டாரை இயக்கி நிறுத்தும். கீழ்த்தட்டுகள் எவ்வளவு குளிர்ந்துள்ளன என்பது அதற்குத் தெரியாது. வெளியிலிருந்து உள்ளே புகும் வெப்பம் கோடையில் கீழ்த்தட்டுகளை ஓரளவு சூடாக வைத்திருந்தது. சாரல் காலத்தில் அவ்வெப்பம் குறைந்துவிடுவதால் கீழ்த்தட்டுகள் தகட்டின் குளிரை நெருங்குகின்றன. கீரை கண்ணாடிபோல் விறைக்கும், தயிரில் பனித்துகள் தோன்றும், முட்டை வெடிக்கும். இவற்றைக் கண்டால் இன்சுலினும் அதே குளிரை அனுபவித்திருக்கிறது என்று கொள்க. கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குப் பருவமழையின்போதும் இதுவே நிகழலாம்.

பருவம் மாறும்போது குமிழியைக் குறைத்து, மறுநாள் தண்ணீர்த் தம்ளரில் அளந்துகொள்வதே இதற்குத் தீர்வு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நீரிழிவு உள்ளோர் வீட்டுப் பெட்டிகளில் பதிவுக் கருவி பொருத்தி நடத்திய ஆய்விலும், இன்சுலின் வைத்த இடம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனது பல வீடுகளில் பதிவாகியிருந்தது. புதிய பெட்டி, விலையுயர்ந்த பெட்டி என்பது இதற்குக் காப்பாகாது.

குமிழியைக் குறைத்தும் உறைதல் நிற்கவில்லை எனில் தெர்மோஸ்டாட் பழுதாகி மோட்டார் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். குமிழியை முழுவதும் அணைப்பு நிலைக்குத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் மோட்டார் ஓடினால் பழுது அதிலேயே உள்ளது. பனி படியாத இரட்டைக் கதவுப் பெட்டியில் குளிர்காற்று வரும் துளைக்கு நேர் எதிரே வைக்கும் பொருள் மட்டும் உறைந்தால் பெட்டியில் கோளாறில்லை. பொருளை நகர்த்தி வைத்தால் போதும்.

இன்சுலினுக்கு உரிய இடம்

மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் டப்பாவில் குப்பிகளை இட்டு, நடுத்தட்டின் முன்பகுதியில் வையுங்கள். பின்சுவரைத் தொடக் கூடாது; ஃப்ரீசருக்கு நேர் கீழேயுள்ள தட்டு கூடவே கூடாது. உறையும் பழக்கமுள்ள ஒற்றைக் கதவுப் பெட்டியாயின் கதவின் மேல்தட்டே பாதுகாப்பானது. கதவுத்தட்டில் குளிர் ஏறி இறங்கும் என்பது உண்மைதான். ஆயினும் உறைவதற்கான வாய்ப்பு அங்கே மிகக் குறைவு.

திறந்து பயன்படுத்தும் குப்பியை 30 டிகிரிக்கு மிகாத இடத்தில் பொதுவாக 4 வாரம் வரை வெளியே வைத்துக்கொள்ளலாம். துல்லியமான காலம் வகைக்கு வகை மாறுவதால் உறையிலுள்ள குறிப்பைப் பார்க்க வேண்டும். கோடையில் நம் வீடுகளின் உள்வெப்பம் 30 டிகிரியைத் தாண்டிவிடும். அக்காலத்தில் திறந்த குப்பியையும் கதவுத்தட்டில் வைத்து, போடுவதற்குச் சற்று முன் வெளியே எடுத்து வைத்தால் ஊசி போடும்போது வலி குறையும். திறந்த தேதியைக் குப்பியின் மேல் எழுதுங்கள். ஆலையில் இரவு முறை வேலைக்குச் செல்வோர் குப்பியை இருசக்கர வாகனத்தின் பெட்டியிலோ சட்டைப் பையிலோ வைத்துச் செல்லாமல், ஈரத்துணி சுற்றிய சிறு டப்பாவில் எடுத்துச் செல்வது நல்லது. பனிக்கட்டியோடு நேரடியாகச் சேர்த்து வைத்தால் உறைந்துவிடும்.

மோட்டார் ஓடியும் குளிர் போதவில்லையா?

மெக்கானிக்கை அழைப்பதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு. பெரும்பாலான குறைகள் இவற்றிலேயே தீர்ந்துவிடும்.

முதலில் கதவின் ரப்பர் விளிம்பு, அதாவது கேஸ்கட். பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கி வந்தால் அந்த இடத்தில் காற்று புகுகிறது. நான்கு பக்கமும் இவ்வாறு சோதிக்க வேண்டும். வெதுவெதுப்பான சோப்பு நீரால் துடைத்தாலே பல கேஸ்கட்டுகள் மீண்டும் ஒட்டும். கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த சாரல் நாள்களில் இடுக்கு வழியே புகும் ஈரமே ஃப்ரீசரில் பனியாகக் குவிகிறது.

அடுத்து அந்தப் பனி. பனி தடித்தால் அது தகட்டைக் கம்பளிபோல் போர்த்திவிடுகிறது. குளிர் கீழே இறங்காது. அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் படிந்தால், குமிழியின் நடுவிலுள்ள டீஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்தி உருக்கிவிடுங்கள். அதற்கு முன் இன்சுலினை வெளியே எடுத்துவிட வேண்டும். கத்தி, கரண்டிக் காம்பு, ஸ்க்ரூடிரைவர் ஆகியவற்றால் பனியைக் குத்தவே கூடாது. தகட்டில் துளை விழுந்தால் உள்ளிருக்கும் வாயு வெளியேறிவிடும். இக்காலப் பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன் எனும் தீப்பற்றும் வாயு. துளை விழுந்ததாக ஐயம் ஏற்பட்டால் அடுப்பை அணைத்து, சன்னல்களைத் திறந்து, மின்சுவிட்சுகளைத் தொடாமல் விலகியிருக்க வேண்டும்.

மூன்றாவதாக, தட்டுகளின் மேல் விரிப்பது. கறை படியாமலிருக்க பிளாஸ்டிக் விரிப்போ செய்தித்தாளோ போட்டுக் கம்பித்தட்டை முழுவதும் மூடிவிடுவது பல வீடுகளில் வழக்கம். ஒற்றைக் கதவுப் பெட்டியில் குளிர்காற்று தன் கனத்தால் மேலிருந்து கீழிறங்கித்தான் எல்லா இடமும் சேர வேண்டும். விரிப்பு அந்த வழியை அடைத்துவிடுகிறது. மேலே உறைதலும் கீழே வெதுவெதுப்பும் ஒரே வேளையில் தோன்றினால் முதலில் விரிப்பை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

பெட்டியின் பின்புறமும் பக்கங்களும் சுவரோடு ஒட்டியிருந்தால் உள்ளிருந்து எடுத்த வெப்பம் வெளியேற வழியில்லை. ஒரு சாண் இடைவெளியாவது பின்புறம் விடுங்கள். பின்னே கறுப்புக் கம்பி வலை உள்ள பழைய பெட்டியாயின், மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு ஆறு மாதத்திற்கு ஒருமுறை தூசி தட்டுங்கள். புதிய பெட்டிகளில் அக்குழாய்கள் பக்கச்சுவருக்குள் மறைந்திருக்கும்; பக்கங்கள் சூடாக இருப்பது கோளாறன்று. சிறிய வீடுகளில் அடுப்பை ஒட்டியோ மேற்கு வெயில் விழும் சுவரிலோ பெட்டியை வைக்க நேர்கிறது. வேறு மூலை கிடைத்தால் மாற்றிவிடுவது எந்தப் பழுதுபார்ப்பையும்விடப் பயன்தரும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் குளிர் வரவில்லை, ஃப்ரீசர் தகட்டின் ஒரு மூலையில் மட்டும் பனி படிகிறது என்றால் வாயு குறைந்திருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்பிச் செல்பவரிடம் காரணம் கேளுங்கள்; சில மாதங்களில் அதே செலவு மீண்டும் வரும்.

மோட்டார் சற்று முனகி, டிக் என்ற ஒலியுடன் நின்று, சில நிமிடங்கள் கழித்து மீண்டும் முயன்றால் மின்னழுத்தம் குறைவாக இருக்கலாம். ஸ்டெபிலைசர் இருந்தால் அதன் எண்ணைப் பாருங்கள். மின்சாரம் போய் உடனே வந்தால், ஐந்து நிமிடம் பொறுத்த பின்பே பெட்டியை இயக்க வேண்டும்.

மேலே பனிக்கூழ் இறுகியிருக்க, கீழே பால் கெடுகிறதா?

இரட்டைக் கதவுப் பெட்டிக்கே உரிய கோளாறு இது. இவ்வகையில் குளிரூட்டும் பகுதி ஃப்ரீசரின் பின்சுவருக்குள் மறைந்திருக்கும். ஒரு சிறு விசிறி அங்கிருந்து குளிர்காற்றை இரு அறைகளுக்கும் தள்ளும். அப்பகுதியில் படியும் பனியைச் சூடேற்றி உருக்கும் ஏற்பாடு பழுதானால், பனி இறுகிக் காற்றுவழியை அடைத்துவிடும். ஃப்ரீசர் தன் குளிரைத் தக்கவைத்துக்கொள்ளும். கீழறை மெல்ல மெல்ல வெப்பமடையும். ஃப்ரீசர் நன்றாக இருப்பதைக் கண்டு பெட்டியில் குறையில்லை என்று எண்ணுவதால் பலர் இதைப் பால் திரிந்த பின்பே அறிகின்றனர்.

முதலில் காற்றுத்துளைகளைப் பொருள்கள் மறைக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையெனில் பெட்டியைக் காலிசெய்து, மின்னிணைப்பை எடுத்து, இரு கதவுகளையும் ஒரு நாள் முழுவதும் திறந்து வையுங்கள். கீழே துணி விரித்துவிடுங்கள். நிறைய நீர் வரும். மீண்டும் இயக்கியதும் கீழறை குளிர்ந்து, ஓரிரு வாரத்தில் பழைய நிலைக்கே திரும்பினால் பனியுருக்கும் ஏற்பாட்டில்தான் பழுது என்பது உறுதி. ஃப்ரீசரைத் திறந்து, கதவின் சுவிட்சை விரலால் அழுத்தியும் விசிறி ஓசை கேட்கவில்லையாயின் விசிறியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஃப்ரீசரைப் பற்றி ஒரு சொல். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எரிசக்தித் திறன் செயலகத்தின் நட்சத்திரங்கள் மின்சாரச் சிக்கனத்தைக் குறிப்பன; குளிரைக் குறிப்பன அல்ல. ஒற்றைக் கதவுப் பெட்டிகளின் ஃப்ரீசர் அறை பல நேரங்களில் மைனஸ் 18 டிகிரியை எட்டாது. அதில் மீன், இறைச்சியை வாரக்கணக்கில் வைக்காமல் சில நாள்களுக்குள் சமைத்துவிடுங்கள். குறிப்பாகச் சாளை, அயிலை, சூரை ஆகிய மீன்கள் போதிய குளிரின்றி இருந்தால் அவற்றில் ஹிஸ்டமின் எனும் பொருள் உண்டாகும். கொதிக்கும் குழம்பிலும் அது அழியாது. உண்டவருக்கு முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் தோன்றும்.

மின்சாரம் இல்லாத நேரம்

பாபநாசத்தில் 1944 முதல் நீர்மின் நிலையம் இயங்கிவருகிறது. அதன் அடிவாரத்தில் குடியிருப்பதால் மட்டும் மின்தடையிலிருந்து நமக்கு விலக்கில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரம் நிறுத்தப்படும் நாளை மின்வாரியம் முன்னரே அறிவிக்கிறது. அன்று காலையிலேயே தண்ணீர்ப் பாட்டில்களை உறையவைத்துக் கொள்ளுங்கள். மின்சாரம் போனதும் அவற்றைக் கீழறையின் மேல்தட்டில் வைத்துக் கதவை மூடிவிடுங்கள். இன்சுலின் டப்பா அவற்றைத் தொடாதிருக்க வேண்டும். எதிர்பாராத மின்தடைக்கு மின்னகத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைக்கலாம்.

திறக்காத பெட்டியின் கீழறை ஏறத்தாழ 4 மணி நேரம் குளிரைக் காக்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும் என்பது பொதுக்கணக்கு. நன்கு இயங்கும் ஃப்ரீசருக்குரிய கணக்கு இது. பனிக்கட்டியை மட்டும் உண்டாக்கும் சிறு அறைக்கு அவ்வளவு நேரம் கிட்டாது. வெளியூர் செல்வோர் ஒரு கிண்ணம் தண்ணீரை ஃப்ரீசரில் உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துச் செல்லலாம். திரும்பி வரும்போது நாணயம் கிண்ணத்தின் அடியில் கிடந்தால், இடையில் எல்லாம் உருகி மீண்டும் உறைந்திருக்கிறது.

4 மணி நேரத்தைத் தாண்டிக் கீழறை 5 டிகிரிக்கு மேல் சென்றுவிட்டால், சமைத்த சோறு, குழம்பு, மீன், இறைச்சி, பால், தேங்காய்ச் சட்னி, அவித்த முட்டை ஆகியவற்றை நீக்கிவிடுங்கள். மீண்டும் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்பது முழு உண்மையன்று. சோற்றில் வளரும் பேசில்லஸ் செரியஸ் போன்ற சில கிருமிகள் வெளியிடும் நச்சு கொதிக்கும் சூட்டையும் தாங்கும். ஊறுகாய், நெய், வெண்ணெய், நறுக்காத காய்கள் கெடுவதில்லை. தயிரும் இட்லி மாவும் புளிக்குமே தவிர எளிதில் நஞ்சாவதில்லை; பூஞ்சையோ நிறமாற்றமோ தெரிந்தால் மட்டும் கொட்டிவிடலாம். குழந்தைக்குத் தண்ணீரில் கலக்கி வைத்த எதிர்உயிரி மருந்துகளில் சில குளிரில் இருந்தாக வேண்டியவை. ஐயம் இருந்தால் மருந்தாளுநரைக் கேளுங்கள். ஃப்ரீசரில் இருந்தவற்றில் இன்னும் பனித்துகள் எஞ்சியிருந்தால் மீண்டும் உறையவைக்கலாம்.

இன்சுலினைப் பொறுத்தவரை ஒரு பகல் மின்தடைக்கு அஞ்ச வேண்டியதில்லை. எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் கென்ய நாட்டு அகதி முகாமின் வெப்பநிலையை ஆய்வகத்தில் உண்டாக்கி நடத்தி, 2021-இல் வெளியிட்ட ஆய்வில், 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் வெப்பத்தில் 4 வாரம் இருந்த இன்சுலின் தன் ஆற்றலைத் தக்கவைத்திருந்தது. இது வெயிலில் நிற்கும் வாகனத்தில் வைப்பதற்கான அனுமதியன்று. நீண்ட மின்தடையின்போது மண்பானையைப் பயன்படுத்துங்கள். பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் ஆற்றுமணலை நிரப்பி நனைத்து, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் வையுங்கள். குப்பியை நீர் புகாத உறையிலிட்டு உள்பானையில் வைத்து ஈரத்துணியால் மூடுங்கள். காருகுறிச்சிப் பானை இரண்டு வாங்கினால் வேலை முடிந்தது. பானை 2 டிகிரிக்கோ 8 டிகிரிக்கோ குளிராது. வெளி வெப்பத்தைவிடச் சில டிகிரி தாழ்த்தும். ஆனால் ஒருபோதும் உறையாது. இவ்வாறு வெளியே வைத்த குப்பியைத் திறந்த குப்பியாகக் கருதி, அந்நாளிலிருந்து 4 வாரக் கணக்கைத் தொடங்குங்கள்.

வெள்ளத்திற்குப் பின்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பெருமழை பலருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது; தாமிரபரணி கரைபுரண்டது; பல ஊர்களில் மின்சாரம் நாள்கணக்கில் வரவில்லை. அத்தகைய சூழலில் வெள்ளநீர் தொட்ட உணவு, மூடி திறக்காத பால் பாக்கெட் ஆயினும், உண்ணத் தக்கதன்று. வெள்ளநீரில் நனைந்த இன்சுலின் குப்பியையும் பயன்படுத்தக் கூடாது. குப்பியின் ரப்பர் மூடி வழியே ஊசி செல்லும்போது மாசும் உடன் செல்லும். மாற்றுக் குப்பிக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையையோ நிவாரண முகாமிலுள்ள மருத்துவக் குழுவையோ அணுகுங்கள். வழி தெரியாவிடில் 104 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம். மழை எச்சரிக்கை வந்ததுமே இன்சுலின், ஊசிகள், மருந்துச்சீட்டு, சர்க்கரை ஆகியவற்றை ஒரே நீர்புகா டப்பாவில் எடுத்து உயரமான இடத்தில் வைத்துவிடுவது நல்லது.

வெள்ளத்தில் நின்ற குளிர்சாதனப் பெட்டியை, வெளியே காய்ந்துவிட்டது என்பதற்காக மின்னிணைப்பில் சேர்க்காதீர்கள். மோட்டாரும் கம்பி இணைப்புகளும் அடியில்தான் உள்ளன. சேறு படிந்த இணைப்பு மின்னதிர்ச்சி தரும். மெக்கானிக் பார்த்துச் சரிசெய்த பின், உள்ளே சோப்பு நீரால் கழுவித் துடைத்து, கதவைத் திறந்து உலரவிடுங்கள். பிறகு வெறும் பெட்டியில் தண்ணீர்த் தம்ளரை வைத்து ஒரு நாள் ஓடவிட்டு அளந்து பாருங்கள். எண் 2-க்கும் 5-க்கும் இடையே தொடர்ந்து இரண்டு நாள் நின்ற பின்பே இன்சுலினை அதில் வையுங்கள்.